நிழலில் நில் என்கிறார்கள். கூலி யார் தருவது?

உலகம் ஏன் சூடேறுகிறது, கடல் ஏன் ஊருக்குள் வருகிறது, ஒரு பருவத்து மழை ஏன் ஒரே நாளில் கொட்டிவிட்டு ஓடிவிடுகிறது என்பதற்கெல்லாம் டில்லியில் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். காரணம் வேறு யாருமில்லை, நீங்கள்தான்! உங்கள் பழக்கவழக்கம் சரியில்லையாம். அதைத் திருத்திவிட்டால் சீதோஷ்ணமும் தானே திருந்திவிடுமாம்.

கேலிக்காகச் சொல்வதாக எண்ண வேண்டாம். 2021 நவம்பர் 1-ந் தேதி, கிளாஸ்கோ நகரில் கூடிய சீதோஷ்ண மாநாட்டில் பிரதமர் மோடி 'லைஃப்' என்றொரு மந்திரத்தை உச்சரித்தார். சுற்றுச்சூழலுக்கு ஏற்ற வாழ்க்கைமுறை என்பது அதன் பொருள். 2022 அக்டோபர் 20-ந் தேதி குஜராத்தில் ஏக்தா நகரில், ஐ.நா. பொதுச் செயலாளர் குட்டெரெஸ் அருகில் இருக்க, இயக்கம் கோலாகலமாகத் தொடங்கியது. 100 கோடிப் பேரை நல்ல பழக்கத்துக்குக் கொண்டுவருவது, 2028-க்குள் நூற்றுக்கு 80 கிராமங்களையும் நகரசபைகளையும் சுற்றுச்சூழலுக்கு இணங்கியவையாக ஆக்குவது என்பது லட்சியம். அதே 2022 ஆகஸ்டில் இந்தியா ஐ.நா.வுக்குக் கொடுத்த உறுதிமொழிப் பத்திரத்திலும் இந்த வாழ்க்கைமுறை சமாச்சாரம்தான் முதல் ஸ்தானத்தில் உட்கார்ந்திருக்கிறது. நிலக்கரியும் சூரிய மின்சாரமும் அதற்குப் பின்னால்தான்!

ஜனங்கள் செய்ய வேண்டிய காரியங்கள் 75 என்று ஒரு ஜாபிதாவும் போட்டார்கள். அதில் சிலவற்றைப் பாருங்கள். லிஃப்டில் ஏறாமல் படியில் ஏறுங்கள். சிவப்பு விளக்கில் வண்டி எஞ்சினை நிறுத்துங்கள். ஏர் கண்டிஷனரை 24 டிகிரியில் வையுங்கள். டிரெட்மில்லில் ஓடாமல் வெளியே ஓடுங்கள். டிரெட்மில் என்றால் என்ன என்று மரக்காணம் உப்பளத்துத் தோழர் கேட்கக்கூடும். தின்றது செரிப்பதற்காக, நின்ற இடத்திலேயே ஓடுவதற்கு மின்சாரத்தில் சுற்றும் மெஷின் அது. காலை நாலு மணிக்குப் பாத்தியில் இறங்கி, கொதிக்கும் உப்பு நீரில் வெறுங்காலோடு நின்று, பலகை பிடித்து உப்பு வாரி, அதைத் தலையில் சுமந்து மேட்டில் கொட்டுகிறவருக்கு வெளியே ஓடச் சொல்லி புத்திமதி!

ஜாபிதாவில் உள்ளதெல்லாம் பிசகு என்று நாம் சொல்லவில்லை. பாய்ச்சல் முடிந்ததும் பம்பு செட்டை நிறுத்து, கடைக்குப் போகும்போது துணிப்பை எடுத்துப் போ, கம்பும் கேழ்வரகும் சாப்பிடு என்றும் அதில் இருக்கிறது. நல்ல காரியங்கள்தான். நம் பாட்டிமார் இவற்றையெல்லாம் எந்த நிபுணரிடம் கற்றார்கள்? கையில் காசில்லாதவனுக்குச் சிக்கனத்தைப் பாடமாகச் சொல்வது, பட்டினி கிடப்பவனுக்கு விரத மகிமையை எடுத்துரைப்பது போலத்தான்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். ஆக்ஸ்ஃபாம் ஸ்தாபனம் 2023-ல் வெளியிட்ட அறிக்கை சொல்வது இது: 2019-ல் உலகத்துப் பெருந்தனக்காரர்கள், நூற்றுக்கு ஒருவராக இருப்பவர்கள், வெளியிட்ட கரிப்புகையின் அளவு, உலக ஜனத்தொகையில் மூன்றில் இரண்டு பங்கு ஏழைகள், அதாவது சுமார் 500 கோடிப் பேர், சேர்ந்து வெளியிட்ட அளவுக்குச் சமம். அந்த ஒருவரை விட்டுவிட்டு 500 கோடிப் பேரின் பழக்கத்தைத் திருத்தப் புறப்பட்டிருக்கிறார்கள்!

இந்த யோசனை எங்கிருந்து வந்தது? 2008-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் தேலர், காஸ் சன்ஸ்டீன் என்ற இரு பேராசிரியர்கள் ஒரு புஸ்தகம் எழுதினார்கள். அதன் பெயர் 'நட்ஜ்'. நம் பாஷையில் சொன்னால், விலாவில் லேசாக ஓர் இடி. மனிதன் எப்போதும் லாப நஷ்டம் பார்த்து நடப்பதில்லை. பழக்கம், சோம்பல், பக்கத்து வீட்டுக்காரன் செய்வதைப் பார்த்துத் தானும் செய்வது, இவைதான் அவனை இழுத்துச் செல்கின்றன என்றார்கள். இது வரைக்கும் மெய்தான். திருவிழாக் கூட்டத்தைப் பார்த்த யாருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் அடுத்த அடி எங்கே வைக்கிறார்கள் பாருங்கள். ஆகவே கட்டளை வேண்டாம், தடை வேண்டாம், சர்க்காருக்குப் பெரிய செலவும் வேண்டாம். இடம் பார்த்து லேசாக இடித்தால் ஜனங்கள் தாமாகவே நல்வழிக்கு வந்துவிடுவார்கள் என்கிறார்கள். சூது இங்கேதான் இருக்கிறது! கட்டளை வேண்டாம் என்றால் யாருக்குக் கொண்டாட்டம்? உத்தரவுக்குப் பயப்பட வேண்டியவனுக்கு.

சர்க்கார்கள் இதைப் பிடித்துக்கொண்டதில் அதிசயமில்லை. 2010-ல் இங்கிலாந்தில் காமரூன் மந்திரிசபை, நாட்டு மக்களின் செலவை வெட்டிக்கொண்டிருந்த அதே சமயத்தில், இதற்கென்று தனி இலாகாவே வைத்தது. 2017-ல் தேலருக்கு நோபல் பரிசு. 2018-19 பொருளாதார ஆய்வறிக்கையில் டில்லி சர்க்கார் இந்த வித்தைக்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கியது. நீதி ஆயோக்கிலும் மனப்போக்கு ஆராய்ச்சிக்கு ஒரு பிரிவு வந்தது. 2022 ஜூன் 5-ந் தேதி 'லைஃப்' இயக்கத்துக்காக உலகத்து நிபுணர்களிடம் கட்டுரை கேட்டுப் பிரதமர் நடத்திய கூட்டத்தில் அந்த சன்ஸ்டீனே பங்கெடுத்தார். பில் கேட்ஸும் இருந்தார். உப்பளத் தொழிலாளி யாரும் இருந்ததாகத் தெரியவில்லை!

நாம் சொன்னால் வர்க்கத் துவேஷம் என்பார்கள். அவர்கள் முகாமிலேயே சாட்சி இருக்கிறது. அமெரிக்காவில் இரண்டு இடி இலாகாக்கள் நடத்திய சோதனைகளையெல்லாம் சேர்த்து டெல்லாவிக்னா, லினோஸ் என்ற ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்து 2022-ல் பிரசுரித்தார்கள். கல்லூரிப் பத்திரிகைகளில் வந்த சோதனைகளில் சராசரி பலன் நூற்றுக்கு 8.7 பேர், சர்க்கார் இலாகாக்கள் நிஜத்தில் செய்துபார்த்தவற்றில் நூற்றுக்கு 1.4 பேர்! அதே வருஷம் நிக் சேட்டர், ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்று இந்தச் சாஸ்திரத்தின் மூத்த பண்டிதர்கள் இருவர் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார்கள்: தனி மனிதனைத் திருத்துவதிலேயே கவனத்தைச் செலுத்தித் தாங்கள் வழிதவறிவிட்டதாகவும், விதிகளை மாற்ற வேண்டிய இடத்திலிருந்து பார்வையைத் திருப்பக் கம்பெனிகளுக்கு இது உதவிவிட்டதாகவும்.

கம்பெனிகளுக்கு எப்படி உதவியது? ஒரே உதாரணம் போதும். 'கார்பன் காலடி' என்ற சொல் இப்போது பள்ளிப் பிள்ளைகள் வாயிலும் வருகிறது. நீ எவ்வளவு புகை விடுகிறாய், கணக்கிட்டுப் பார் என்று 2004-ல் அந்தக் கணக்குப் பொறியை ஜனங்கள் கையில் கொடுத்து, பணத்தை வாரி இறைத்து விளம்பரம் செய்த மகானுபாவர் யார்? பிரிட்டிஷ் பெட்ரோலியம் என்ற எண்ணெய்க் கம்பெனி! தோண்டி எடுத்து விற்கிறவன் அவன். பாவக் கணக்கு எழுத வேண்டியது வாங்குகிறவனாம். 2010-ல் அதே கம்பெனியின் எண்ணெய்க் கிணறு மெக்சிகோ வளைகுடாவில் வெடித்துப் 11 தொழிலாளர்கள் மாண்டார்கள். அவர்கள் காலடி எந்தக் கணக்கில் சேரும்?

நம் ஊர்த் தாய்மார்களுக்கும் இந்த இடி புதிதல்ல. 2015-ல் வந்த 'விட்டுக்கொடுங்கள்' பிரசாரத்தை நினைத்துப் பாருங்கள். வசதியுள்ளவர்கள் தாமே முன்வந்து காஸ் மான்யத்தை விட்டுக்கொடுத்தால் ஏழை வீட்டில் அடுப்பெரியும் என்றார்கள். ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் நம்பி விட்டுக்கொடுத்தார்கள். நல்ல மனசு, குறை சொல்ல மாட்டோம். பிறகு நடந்ததென்ன? 2020 ஜூன் முதல், விட்டுக்கொடுக்காதவர்களின் மான்யமும் அநேகமாக நின்றேபோயிற்று. உஜ்வலா திட்டத்து வீடுகளுக்கு மட்டும் 2022-ல் சிலிண்டருக்கு 200 ரூபாய் என்று வந்தது. முதலில் விலாவில் இடி. அப்புறம் மடியில் கை!

இப்போது பொம்மையார்பாளையத்துக்கு வருவோம். விழுப்புரம் ஜில்லா, வானூர் தாலுகா. புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கோட்டக்குப்பம், சின்னமுதலியார்சாவடி தாண்டி வருகிற மீனவர் ஊர். படகு இழுத்துப் போடக் கரையில்லை, வலை உலர்த்த மணலில்லை. ஒவ்வொரு புயலுக்கும் கடல் இன்னும் கொஞ்சம் வீடுகளை நெருங்குகிறது. யார் பழக்கம் கெட்டதால் இது நேர்ந்தது? மீனவர் பிளாஸ்டிக் பையில் மீன் வாங்கிப்போனதாலா?

1980-களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் நீட்டினார்கள். இந்தக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கேயிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். எந்தக் கட்டுமரக்காரரும் சொல்லுவார். சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை, அலை மட்டும் வந்தது. தேங்கும் மணலை வாரி வடக்கே தள்ளுவதற்குத் திட்டத்திலேயே ஏற்பாடு இருந்தது. அது ஒழுங்காக நடக்கவில்லை. புதுச்சேரி நகரத்தைக் காப்பாற்றக் கருங்கல்லைக் கொட்டினார்கள். அரிப்பு அடுத்த குப்பத்துக்குப் போயிற்று. அங்கே கல்லைக் கொட்டினால் அதற்கடுத்த குப்பம். இப்படியே எல்லை தாண்டித் தமிழ்நாட்டு ஊர்களுக்கு வந்து சேர்ந்தது. இதன் மேல்தான் சீதோஷ்ண மாற்றம் ஏறி உட்காருகிறது: கடல் மட்டம் ஏறுகிறது, புயல் மழை வலுக்கிறது. 2024 நவம்பர் 30-ந் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. மரக்காணம் உப்பளங்கள் வெள்ளக்காடு.

இந்த நிலையில் டில்லி சர்க்காரின் பழக்கவழக்கம் எப்படி? கிராமத்துக் கடற்கரையில் 200 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது என்று முன்பு விதி இருந்தது. 2019 ஜனவரியில், ஜன நெருக்கம் அதிகமுள்ள கிராமக் கடற்கரைகளில் அதை 50 மீட்டராகக் குறைத்தார்கள். 2020 ஜூனில் நிலக்கரிச் சுரங்கங்களைத் தனியார் வியாபாரத்துக்கு ஏலம் விடத் தொடங்கினார்கள். மனோதத்துவ நிபுணர் யாராவது போய் இந்த மந்திரிகளின் விலாவில் இடித்தாரா? துறைமுகத்து எஞ்சினீயருக்கு, மணல் தள்ளும் வேலையை ஞாபகப்படுத்தி ஒரு ஸ்டிக்கராவது ஒட்டினாரா?

உஷ்ணத்துக்கு வருவோம். உயிர் போகும் விஷயம் இது. கோடை வந்தால் உபதேசமும் வருகிறது: பகல் 12 முதல் 3 வரை வெளியே போகாதீர்கள், அடிக்கடி தண்ணீர் குடியுங்கள், நிழலில் இருங்கள். உடம்புக்கு உகந்த புத்திமதிதான். ஆனால் மரக்காணத்தில் உப்பு விளைவதே அந்த வெயிலில்! ஏப்ரல், மே, ஜூன்தான் நல்ல விளைச்சல். அப்போது நிழலில் நின்றால் என்ன ஆகும்?

"ஐயா, நிழலில் நிற்கிறேன். கூலியை யார் தருவது?"

"அது எங்கள் இலாகா இல்லை."

"சரி, எந்த நிழலில் நிற்பது? ஏக்கர் கணக்கில் பாத்தி. ஒரு மரம் காட்டுங்கள்."

"விழிப்புணர்ச்சி முகாமில் சொல்லுவார்கள்."

"தண்ணீர் குடிக்கச் சொல்கிறீர்கள். குடித்தால் நாங்கள் பொம்பளைகள் எங்கே ஒதுங்குவது?"

இந்தக் கடைசிக் கேள்விக்கு எந்த நிபுணரிடமும் பதில் கிடையாது. கக்கூஸ் இல்லாத இடத்தில் பெண்கள் காலை முதல் மத்தியானம் வரை தாகத்தை அடக்கிக்கொள்வதை அறியாமை என்று எழுதிவைப்பார்கள். அறியாமையா அது? மானத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவே அவர்கள் தினமும் போடும் கணக்கு அது! சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளரைப் பரிசோதித்தார்கள். ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் உடம்பு தாங்கக்கூடிய வரம்புக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் வேலை செய்வதையும், சிலருக்குச் சிறுநீரகம் பழுதுபடத் தொடங்கியிருப்பதையும் கண்டார்கள். விஞ்ஞானம் என்றால் இதுவல்லவா? இந்த விஞ்ஞானம் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. வெயிலை அளந்தது, நோயை எண்ணியது.

பஞ்சாலைத் தோழர்களுக்கு இன்னொரு விஷயம் சொல்லத் தேவையில்லை, அவர்களே நமக்குச் சொல்லுவார்கள். நூல் அறாமல் ஓட இன்ன சூடு, இன்ன ஈரம் வேண்டும் என்று அளந்து, அதற்கென்று ஒரு பிளாண்டே வைத்து ஈரக்காற்று ஊதுகிறார்கள். நூலே, நீ கொஞ்சம் பழகிக்கொள் என்று அதன் விலாவில் யாரும் இடிப்பதில்லை! நூலுக்குக் கிடைக்கும் சீதோஷ்ணம் அதை ஓட்டுகிறவனுக்குக் கிடையாது. அவனுக்குப் போஸ்டர்.

அப்படியானால் ஜனங்கள் மாற வேண்டாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மாற வேண்டும், மாறியும் இருக்கிறார்கள். எப்போது மாறினார்கள் என்பதைப் பாருங்கள். 2014-ல் சர்க்கார் ஓர் எல்.இ.டி. பல்பை 310 ரூபாய்க்குக் கொள்முதல் செய்தது. மொத்தமாக வாங்கி விலையை இறக்கி, 70 ரூபாய் போல விற்றதும் 36 கோடிக்கு மேல் பல்பு வீடுகளுக்குப் போயிற்று. 2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணத்தை எடுத்தார்கள். பஸ்ஸில் பெண்கள் கூட்டம் சேர்ந்தது. பொது வாகனத்தில் போங்கள் என்று எந்தச் சுவரொட்டியும் அந்தக் கூட்டத்தைச் சேர்த்ததில்லை. ஏர் கண்டிஷனர் 24 டிகிரியிலேயே தொடங்க வேண்டும் என்று 2020 ஜனவரி முதல் விதி வந்தது. இதை இடிக் கோஷ்டியினர் தங்கள் வெற்றி என்று காட்டுவார்கள். ஆனால் அந்த இடி யார் மேல் விழுந்தது? வாங்கினவன் மேல் அல்ல. தயாரிக்கும் கம்பெனி மேல் போட்ட உத்தரவு அது!

ஒரிசாக் கரையையும் பாருங்கள். 1999 பெரும்புயலில் சுமார் 10,000 பேர் மாண்டார்கள். 2013-ல் ஃபைலின் புயல் வந்தபோது சுமார் 10 லட்சம் பேரை அப்புறப்படுத்தினார்கள்; சாவு சில பத்துகளோடு நின்றது. அந்தப் பதினாலு வருஷத்தில் ஒரிசா ஜனங்களின் மனோபாவம் மாறிவிட்டதா? புயல் காப்பகங்கள் கட்டியிருந்தார்கள். போ என்றபோது போவதற்கு ஒரு கட்டடம் இருந்தது. எச்சரிக்கைச் சொல்லை ஜனங்கள் எப்படிக் கேட்கிறார்கள், யார் சொன்னால் நம்புகிறார்கள் என்று ஆராய்வது உபயோகமான காரியம். அந்த அளவில் மனோதத்துவத்துக்கு நாம் விரோதிகள் அல்ல. கட்டடத்துக்குப் பதிலாக அதைக் காட்டும்போதுதான் பித்தலாட்டம்.

வெயிலுக்கும் சட்டம் போட முடியும். கேரளத்தில் கோடை முற்றும்போது லேபர் கமிஷனர் உத்தரவிட்டு, வெயிலில் செய்யும் வேலைகளுக்குப் பகல் 12 முதல் 3 வரை ஓய்வு என்று வேலை நேரத்தை மாற்றுகிறார். வளைகுடாவுக்குப் போய்வந்த தோழர்களைக் கேளுங்கள். தொழிற்சங்கத்துக்கு எளிதில் இடம் கொடாத மன்னராட்சிகள் அவை. அங்கேகூட கத்தாரில் 2021 முதல், ஜூன் 1-லிருந்து செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் மாலை 3.30 வரை வெளி வேலைக்குத் தடை. எசமானின் மனம் இளகட்டும் என்று காத்திருக்கவில்லை. புதுச்சேரியில் 1936 ஜூலை 30-ந் தேதி பஞ்சாலைத் தொழிலாளர் 12 பேர் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். அடுத்த வருஷம்தான் பிரெஞ்சு ஆட்சி எட்டு மணி நேர வேலையைச் சட்டமாக்கியது. அதிக நேரம் வேலை வாங்குவது கெட்ட பழக்கம் என்று யாரும் முதலாளிக்கு வகுப்பு நடத்தி அது வரவில்லை.

சென்னை சர்க்கார் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் செத்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். வரவேற்கிறோம். சாகாமல் இருப்பதற்கு என்ன தொகை? இதே சர்க்கார் 2022-ல், மழை மாதங்களில் உப்பளம் ஓடாதபோது தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் என்று ஒப்புக்கொண்டது. மழையால் வேலை நின்றால் சர்க்கார் பொறுப்பு என்றால், வெயிலால் நிற்க வேண்டிய மணிகளுக்கு ஏன் பொறுப்பில்லை? குஜராத்திலும் அக்கம்பக்கத்து ராஜ்யங்களிலும் சேவா பெண்கள் சங்கம் 2024 கோடையில், உஷ்ணம் வரம்பு மீறியபோது 46,000-க்கும் மேற்பட்ட பெண்களுக்குக் கையில் பணம் கொடுத்தது. அதில் உப்பளப் பெண்களும் உண்டு. இன்ஷூரன்ஸ் கம்பெனி வழியாக, சொற்பத் தொகைதான். நமக்கு அந்த வழியில் நம்பிக்கை குறைவு. ஆனாலும் சங்கம் வைத்த பெண்களுக்குக் கொடுக்க முடிந்ததை சர்க்கார் முடியாது என்று சொல்ல முடியுமா?

மே 1-ந் தேதி தமிழ்நாடு முழுவதும் கிராம சபை கூடும். பொம்மையார்பாளையத்திலும் கூடும், மரக்காணத்தைச் சுற்றிய ஊராட்சிகளிலும் கூடும். அங்கே சுற்றுச்சூழல் பிரதிக்ஞை வாசிக்கச் சொன்னால் வாசியுங்கள், தவறில்லை. வாசித்து முடித்ததும் எழுந்து, தீர்மானப் புஸ்தகத்தை எடுக்கச் சொல்லுங்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை பகல் 12 முதல் 3 மணி வரை உப்பளத்திலும் வயலிலும் கூலி பிடிக்காமல் ஓய்வு. ஓய்வெடுக்கக் கூரை, குடிதண்ணீர், பெண்களுக்குக் கக்கூஸ், இவை உப்பளக் குத்தகைதாரர் செலவில். துறைமுகத்தில் தேங்கும் மணலை வருஷந்தோறும் வடக்கே தள்ள இரண்டு சர்க்கார்களும் ஒப்பந்தம். பொம்மையார்பாளையத்துக்கு அடுத்த ஊரைப் பலிகொடுக்காத தூண்டில் வளைவு. இவ்வளவும் வார்த்தைக்கு வார்த்தை எழுதி, உரக்கப் படித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். 'பரிசீலிக்கப்படும்' என்று யாராவது நடுவில் ஒரு சொல்லை நுழைத்தால் அடிக்கச் சொல்லிவிட்டுப் போடுங்கள்.